நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி

கர்ப்பப்பை ஆபரேஷனோ சிசேரியனோ முடிந்த மறுநாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் தவறாமல் கேட்பது, "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்பது. பக்கத்துக் கட்டில்காரர்கள், துணைக்கு வந்தவர்கள், பயிற்சி மாணவர்கள் எல்லாரும் சுற்றி நிற்க, கூச்சத்தில் பிரியாததைப் பிரிந்ததாகத் தலையாட்டிவிடுகிற பெண்கள் உண்டு. ஆமாம் என்றால்தான் இட்லி கிடைக்கும் என்று பசிக்காகத் தலையாட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் விளக்குவதில்லை. வீட்டுக்குப் போன பிறகு அதே வயிறு மக்கர் செய்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவதில்லை.

இடுப்புக்கூட்டுக்குள் இடம் குறைவு. கருப்பைக்கு முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், இடப்பக்கம் பெருங்குடலின் கடைசி வளைவு, மேலே சிறுகுடலின் சுருள்கள். கருப்பையை எடுப்பதானாலும் சினைப்பைக் கட்டியை அகற்றுவதானாலும் குடலை ஒதுக்கிவைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும், எண்டோமெட்ரியோசிஸ் முற்றியவர்களுக்கும், வயிற்றுக் காசநோய் வந்து குணமானவர்களுக்கும் குடல் அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரிக்கும்போது கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இது யாரோ சிலருடைய கவலை இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். நார்க்கட்டிக்கும் அதிகப்படியான உதிரப்போக்குக்கும் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்டவர்கள் தனி. வயிற்றில் தையல் தழும்பு உள்ள ஒரு பெண்ணாவது இல்லாத குடும்பம் நம் ஊரில் அபூர்வம்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலானோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் தேறிவிடுகிறார்கள். பெண்நோய்க்கான லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்கள் 4,74,000-க்கும் மேற்பட்டவற்றைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன் கணக்கில் குடலில் காயம் பட்டது 769 பேரில் ஒருவருக்கு. கருப்பை அகற்றும் ஆபரேஷனை மட்டும் தனியே எடுத்தால் 257-க்கு ஒருவர். இந்த எண்களைவிட என்னைப் பாதித்தது அதே கட்டுரையின் இன்னொரு செய்தி. எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற விவரம் இருந்தவர்களில் 100-க்கு 41 பேருக்குக் காயம் ஆபரேஷன் மேஜையிலேயே தெரியவில்லை, பிற்பாடுதான் தெரிந்தது. இறந்தவர்கள் அத்தனை பேரும் அப்படித் தாமதமாகக் கண்டறியப்பட்டவர்கள். மேஜையிலேயே கண்ணில் பட்ட கிழிசலை அங்கேயே தைத்துவிடுவார்கள்; அதனால் யாரும் சாகவில்லை. உயிர் போவதும் பிழைப்பதும் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. அப்படிக் கண்டுபிடிக்க வேண்டிய நாட்களில் அந்தப் பெண் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டில் இருக்கிறாள்.

முதலில், எது வழக்கமானது என்று தெரிந்துகொள்வோம். மயக்க மருந்து, குடலைக் கையால் தொட்டு ஒதுக்கியது, ட்ரமடால் போன்ற வலி மருந்துகள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது எல்லாம் சேர்ந்து குடலைக் கொஞ்ச நேரம் தூங்கவைக்கின்றன. சிறுகுடல் சில மணி நேரத்தில் விழித்துவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும், பெருங்குடல்தான் கடைசி. இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். காற்று பிரிந்தால் பெருங்குடல் வேலைக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். டாக்டரின் கேள்வி இதற்காகத்தான். அதுவரை லேசான உப்புசமும் பசியின்மையும் இருப்பது இயல்பே.

லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு தோள்பட்டை வலித்தால் பலர் நெஞ்சுவலி என்று பதறுகிறார்கள். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கரியமில வாயுவில் மிச்சம் இருப்பது உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு வழியாக வலி தோளில் தெரிகிறது. ஓரிரு நாளில் போய்விடும்.

காற்று பிரியும்வரை தண்ணீர்கூடக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இப்போது பெரிதும் தளர்ந்துவிட்டது. சிக்கல் இல்லாத ஆபரேஷன் என்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் கஞ்சி, இட்லி என்று ஆரம்பிப்பதும், சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பதும் குடலை விரைவாக எழுப்புகின்றன. சிசேரியனுக்குப் பிறகு சூயிங்கம் மென்ற பெண்களுக்குச் சுமார் 7 மணி நேரம் முன்னதாகவே காற்று பிரிந்ததாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று சொல்கிறது. வாய் மெல்லுவதைச் சாப்பாடு வருகிறது என்று எடுத்துக்கொண்டு குடல் அசையத் தொடங்கிவிடுகிறது.

இதில் எதுவானாலும் திசை ஒன்றுதான். இன்றைய வலி நேற்றைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நாளைக்கு இன்னும் குறைய வேண்டும். இரண்டாம் நாள் எழுந்து நடந்தவள் நான்காம் நாள் சுருண்டு படுத்தால், முதல் நாள் இட்லி சாப்பிட்டவள் மூன்றாம் நாள் தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தால், போக்கு திரும்பிவிட்டது. அதற்குக் காரணம் குடல் இல்லை என்று ஒரு டாக்டர் நேரில் பார்த்து உறுதிசெய்யும்வரை குடல்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதமாக வரும் ஓட்டை

ஆபரேஷனில் குடல் காயப்பட்டால் உடனே தெரிந்திருக்காதா என்று கேட்பது நியாயம். கத்தியோ கூரான கருவியோ பட்டு முழுசாக ஓட்டை விழுந்திருந்தால் முதல் ஓரிரு நாளிலேயே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இன்று ரத்தக் குழாய்களை அடைக்கவும் திசுக்களை வெட்டவும் மின்சூட்டைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சூடு கருவியின் நுனியைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் பரவும். சூடு அதிகமான இஸ்திரிப் பெட்டி பட்ட பட்டுச்சேலையில் அன்றைக்கு ஒரு மஞ்சள் கறை மட்டுமே தெரியும். சில நாள் கழித்து உடுத்தும்போது அந்த இடம்தான் பிய்ந்துபோகும். குடலிலும் அப்படியே. வெந்த இடம் செத்து உதிர 3 நாளிலிருந்து 10 நாள் வரை ஆகலாம். அதுவரை அந்தப் பெண் நன்றாக இருப்பாள், சாப்பிடுவாள், காற்றும் பிரியும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வரும் வாரத்தில்தான் ஓட்டை விழும்.

இன்னொன்று, வயிற்றுக்குள் கருவி நுழையும் தருணம். கரியமில வாயு ஏற்றப் பயன்படும் வெரஸ் ஊசியை ஹங்கேரிய மருத்துவர் யானோஷ் வெரஸ் 1930-களில் வடிவமைத்தது காசநோயாளிகளின் நெஞ்சுக்கூட்டில் காற்று ஏற்றுவதற்காக. அது பின்னாளில் வயிற்று ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்தது. முன்னே சொன்ன தொகுப்பில் குடல் காயங்களில் பாதிக்கும் மேல் இந்த ஊசியும் முதல் துளைக்கருவியும் உள்ளே போகும்போதே நிகழ்ந்தவை. கேமரா உள்ளே போவதற்கு முன்னால் நடப்பது என்பதால் எவ்வளவு தேர்ந்த கைக்கும் இது நேரலாம். அதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. கண்டுபிடிக்கத் தாமதிப்பதற்கு அந்த மன்னிப்பைத் தர எனக்கு மனம் வரவில்லை.

தாமதம் ஏன் ஆகிறது? குடல் ஓட்டை என்றால் வயிறு பலகைபோல் இறுகும், காய்ச்சல் அனலாக அடிக்கும் என்று படித்தவர்கள் அதற்காகக் காத்திருக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு அப்படி வராமலே போகலாம். 1999-இல் அமெரிக்கச் சிறுநீரகவியல் மருத்துவர்கள் சிலர் தங்கள் நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. போட்ட துளைகளில் குடல் காயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றில் மட்டும் வலி, வயிறு உப்புசம், மலச்சிக்கலுக்குப் பதில் பேதி, ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடுவதற்குப் பதில் குறைவது. இப்படித்தான் ஆரம்பித்தது. கவனிக்காமல் விட்டவர்களுக்கு 4 நாளுக்குள் தொற்று ரத்தத்தில் கலந்து இதயமும் நுரையீரலும் தடுமாறின. பேதி போகிறதே, குடல் நன்றாக வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேசுவது நாடி. படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 100-க்கு மேல் துடித்துக்கொண்டிருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே பார்க்க வேண்டும். காய்ச்சல் ஏன் இல்லை என்பதற்குப் பதில் பெரும்பாலும் மாத்திரைக் கவரில் இருக்கிறது. வலிக்காக வேளைக்கு வேளை விழுங்கும் பாராசிட்டமால் காய்ச்சலையும் சேர்த்து மறைத்துவிடும். நாடி பார்க்க மருத்துவம் படித்திருக்க வேண்டாம். மணிக்கட்டில் விரல் வைத்து, கைபேசியில் ஒரு நிமிடம் ஓடவிட்டு எண்ணினால் போதும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் அதுவே எண்ணிவிடும்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. "கேஸா இருக்கும், கொஞ்சம் ஓமத்தண்ணி குடி" என்பார் மாமியார். பெருங்காயம் போட்ட மோர் வரும். மெடிக்கல் ஷாப்பில் நிலைமையைச் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிவருவார் கணவர். மலம் போகவில்லை என்று விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், சிலர் வீட்டிலேயே எனிமாவும் வைப்பார்கள். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் அடைபட்ட குடலுக்கோ ஓட்டை விழுந்த குடலுக்கோ பேதி மருந்து ஆபத்தை வேகப்படுத்தும், வலி மாத்திரை ஆபத்தை மறைக்கும். ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்துக்குள் வயிற்றில் புதிதாக ஒரு வலி வந்தால் ஆபரேஷன் செய்த இடத்தைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

போனில் "வயிறு வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் புரியாது. ஆபரேஷன் வலிக்காமல் இருக்குமா என்ற பதிலே வரும். என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி மாறியது, கடைசியாகக் காற்று பிரிந்தது எப்போது, வாந்தி என்ன நிறம், நாடி எத்தனை, சிறுநீர் எத்தனை முறை என்று சொல்லுங்கள். பச்சையாக வாந்தி வந்தாலும், மயக்கம் வந்தாலும், பேச்சு குழறினாலும் போன் வேண்டாம், நேரே கிளம்ப வேண்டும். வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். உடனடியாக மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். ஆபரேஷன் செய்த இடம் சின்ன நர்ஸிங் ஹோம் என்றால் அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணரும் சி.டி. ஸ்கேனும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்காது. அப்போது 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி.

அங்கே போன பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால் ஓட்டை என்பார்கள். ஆனால் ஆபரேஷனில் புகுந்த காற்றே சில நாள் அங்கே தங்கியிருக்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒன்றும் இல்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படம் நன்றாக இருந்தும் பெண் மோசமாகிக்கொண்டே போனால், மறுபடி உள்ளே பார்த்துவிடுவோம் என்று முடிவெடுக்கும் டாக்டர்தான் என் மதிப்பில் உயர்ந்தவர். தன் கையால் செய்த ஆபரேஷனில் குறை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் எளிதில்லை. வேறொரு அறுவைச் சிகிச்சை நிபுணரின் கண்ணும் பார்ப்பது இந்த இடத்தில்தான் உதவும்.

குடும்பத்தார் அந்த இன்னொரு கண்ணைக் கேட்கலாமா? இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021-இல் ரத்தத்தில் தொற்று பரவி இறந்தாள். அவளுக்கு நேர்ந்தது சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் பட்ட அடி. பெண்நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் மகள் மோசமாகிறாள் என்று பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. அதன் விளைவாக 2024-இல் அங்கே 'மார்த்தா விதி' நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளியோ உறவினரோ கவலைப்பட்டால், சிகிச்சை அளிக்கும் குழுவுக்கு வெளியே உள்ள தீவிர சிகிச்சைக் குழுவை நேரடியாக அழைக்கலாம். "இவ எப்பவும் இப்படி இருக்க மாட்டா டாக்டர்" என்று அம்மாவோ அக்காவோ சொல்வது நாடி, ரத்த அழுத்தத்தைப் போலவே பதிவேட்டில் எழுதப்பட வேண்டிய ஒன்று என்பதே அதன் பொருள். நம் ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு விதி வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சொல்லக் கூசுகிறவை

சிசேரியனுக்குப் பிறகு பெருங்குடல் மட்டும் அடைப்பு எதுவும் இல்லாமலே பலூன்போல் வீங்கும் ஒரு நிலை உண்டு. 1948-இல் இதை விவரித்த பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹெனேஜ் ஓகில்வியின் பெயரால் குறிப்பிடுவார்கள். குழந்தை பிறந்த வயிறு, பெரிதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவது இதில் நடக்கும் தவறு. கொஞ்சம் காற்றும் தண்ணீராக மலமும் போய்க்கொண்டே இருக்கும்போதுகூட வீக்கம் ஏறும். பெருங்குடலின் ஆரம்பப் பகுதி 12 சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. முன்னதாகப் பிடித்தால் மருந்திலோ குழாய் விட்டுக் காற்றை எடுத்தோ சரிசெய்துவிடலாம். தையலுக்கு மேலே வயிறு நேற்றைவிட இன்று இறுக்கமாக இருக்கிறதா என்று பிள்ளை பெற்றவளே கைவைத்துப் பார்த்துச் சொல்லலாம்.

கர்ப்பப்பை எடுத்த பிறகு பிறப்புறுப்பு வழியாகக் காற்றோ மலமோ வருவதை வெளியே சொல்ல முடியாமல் துணி மாற்றி மாற்றி மாதக்கணக்கில் மறைத்துவைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே பாதை விழுந்திருக்கிறது. அது சுத்தக்குறைவு இல்லை, அவர்கள் செய்த தவறும் இல்லை. ஆபரேஷனில் சரிசெய்யக்கூடிய ஒரு காயம். டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதேபோல, கருப்பையை எடுத்தபின் உள்ளே போட்ட தையல் ஆறக் குறைந்தது 6 முதல் 8 வாரம் வேண்டும். அதற்குள் உறவு கொண்டால் தையல் விட்டுக் குடலே வெளியே வந்துவிடக்கூடும். அபூர்வம்தான். ஆனால் இதைக் கணவரிடமும் நேரில் சொல்லாமல் விடுவது பெண்ணின் தலையில் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது. குடல் அப்படி வெளியே வந்தால் சுத்தமான ஈரத்துணியால் மூடி, உள்ளே தள்ள முயலாமல், படுக்கவைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கருக்கலைப்புக்கோ உதிரப்போக்குக்கோ செய்யும் டி.என்.சி.யைச் சின்ன விஷயம் என்கிறோம். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார்கள். கருவி கருப்பைச் சுவரைத் துளைத்துக் குடலையும் தொட்டிருந்தால் அடுத்த ஓரிரு நாளில் வலியும் வாந்தியும் வரும். யாருக்கும் தெரியாமல் போய்ச் செய்துகொண்டவர்கள் அப்போதும் வாய் திறப்பதில்லை. டாக்டரிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் போலீஸ் இல்லை.

ஆண்டுகள் கழித்து வருவதும் உண்டு. வயிற்றைத் திறந்த எந்த ஆபரேஷனும் உள்ளே நார்நாராக ஒட்டுதல்களை விட்டுப்போகலாம்; ஒருநாள் அதில் குடல் சிக்கி மடங்கும். விட்டுவிட்டு முறுக்கும் வலி, வாந்தி, உப்புசம், காற்றும் மலமும் அடியோடு நிற்பது என்று வரும். ஸ்காட்லாந்தில் வயிற்றையோ இடுப்பையோ திறந்து ஆபரேஷன் ஆனவர்களை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவர் ஒட்டுதலால் வந்த, வந்திருக்கக்கூடிய அல்லது ஒட்டுதலால் சிக்கலாகக்கூடிய காரணத்துக்காக சராசரியாக இருமுறை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். 25 வயதில் செய்த குடும்பக் கட்டுப்பாட்டை 55 வயதில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. "இதுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்கா?" என்றால் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். சிசேரியனும் குடும்பக் கட்டுப்பாடும் அந்தக் கணக்கில் சேரும்.

குடலில் ஓட்டை என்று உறுதியானால் சிலருக்குத் தைத்தால் போதும், சிலருக்குக் கொஞ்சம் வெட்டி இணைக்க வேண்டும், தொற்று பரவியிருந்தால் மலம் வெளியேற வயிற்றில் பை வைப்பார்கள். பை என்றதும் குடும்பமே உடைந்துபோகிறது. வேறு இடம் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போடாமல் அரை நாள் கழிக்கிறார்கள். அந்த அரை நாள்தான் ஆபத்து. இப்படிப்பட்ட பை பெரும்பாலும் தற்காலிகமானது. உள்ளே ஆறிய பிறகு, சில மாதத்தில் மறுபடி இணைத்துவிடுவார்கள். அதுவரை அதோடு சமைக்கலாம், பேருந்தில் போகலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டுகளில் வழக்கமாக ஓய்வு, எளிய உணவு, 7 நாள் கழித்து வரவும் என்று இருக்கும். சூட்டுக்காயம் ஓட்டையாகிற நாட்களில் பெரும்பகுதி அந்த 7 நாளுக்குள் வந்துவிடுகிறது. அதே சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில், வலி நேற்றைவிட அதிகமானால், வயிறு உப்பினால், வாந்தி நிற்காவிட்டால், நாடி 100-ஐத் தாண்டினால் உடனே வரவும் என்று அச்சிட ஆகும் செலவு மிகச் சொற்பம். அதன் கீழே இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ஒரு நர்ஸ் அழைத்து, "இன்னிக்கு எப்படிம்மா இருக்கு, நேத்தைவிடப் பரவாயில்லையா?" என்று கேட்க வேண்டும். உங்கள் சீட்டில் அந்த எண் இல்லை என்றால், வார்டை விட்டுக் கிளம்பும் முன் நர்ஸிடம் கேட்டுப் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.